மடிக்கணினி ஏன் கண் விழிக்கவில்லை?

மடிக்கணினி எழவில்லை என்று யாராவது வந்து சொன்னால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "எதுவரை எழுந்தது?" என்பதே அது. பெரும்பாலோர் இதற்கு விடை சொல்வதில்லை. "ஆன் ஆகல சார்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் நோயின் பெயர் அந்த விடையில்தான் இருக்கிறது.

பொத்தானை அழுத்தியதும் கணினிக்குள் என்ன நடக்கிறது என்பதை வரிசையாகப் பார்ப்போம். முதலில் மின்கலத்திலிருந்தோ சார்ஜரிலிருந்தோ வரும் மின்சாரம், பல்வேறு மின்னழுத்தங்களாகப் பிரிந்து உறுப்புகளுக்குப் போகிறது. அடுத்து, மதர்போர்டில் உள்ள ஒரு சிறு சில்லில் நிரந்தரமாக எழுதி வைக்கப்பட்டிருக்கும் 'பயாஸ்' என்னும் நிரல் விழித்துக்கொள்கிறது. அது நினைவகம் இருக்கிறதா, விசைப்பலகை இருக்கிறதா, திரை இருக்கிறதா என்று வீட்டுக்காரர் கதவு தாழ்ப்பாளைச் சரிபார்ப்பது போல ஒவ்வொன்றாகப் பார்க்கிறது. நிறுவனத்தின் சின்னம் திரையில் தெரிவது இந்தக் கட்டத்தில்தான். அதன் பிறகே அது ஹார்ட் டிஸ்க் எனப்படும் வன்தட்டைத் தேடிப் போகிறது. பழைய முறைக் கணினிகளில் தட்டின் முதல் 512 பைட்டுகளைப் படிக்கும்; புதியவற்றில் அதற்கென ஒதுக்கிய பகுதியில் உள்ள ஒரு கோப்பைப் படிக்கும். அங்கே கிடைக்கும் சிறு நிரல் இன்னொரு பெரிய நிரலை அழைக்க, அது விண்டோஸையோ லினக்ஸையோ எழுப்புகிறது.

ஆகவே விளக்கே எரியவில்லை என்றால் வன்தட்டைக் குறை சொல்வதில் பொருளில்லை. சார்ஜரையும் மின்கலத்தையும் பார்க்க வேண்டும். விளக்கு எரிந்து, விசிறி சுற்றி, திரை மட்டும் இருண்டிருந்தால் நினைவகச் சில்லு அல்லது திரை. சின்னம் தெரிந்து, அதன் பின் கறுப்புத் திரையில் 'இயக்கத் தொகுப்பு காணப்படவில்லை' என்ற பொருளில் ஒரு வரி வந்தால், அப்போதுதான் நம் பார்வை வன்தட்டின் பக்கம் திரும்ப வேண்டும். அப்போதும் தட்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. யாரோ செருகிய பென் டிரைவை எடுக்க மறந்திருக்கலாம். கணினி அதில் விண்டோஸைத் தேடிக்கொண்டிருக்கும். தட்டின் இணைப்பு தளர்ந்திருக்கலாம். எளிய காரணங்களை முதலில் நீக்கிவிட்டுத்தான் கடினமானவற்றுக்குப் போக வேண்டும். ஆய்வுக்கூடத்தில் மின்சுற்று வேலை செய்யாவிட்டால் கால்வனாமீட்டரைப் பழிப்பதற்கு முன் இணைப்புக் கம்பிகளைத் தொட்டுப் பார்ப்பதில்லையா, அதே முறைதான்.

எட்டு மாதக் கிணற்று நீர்

இந்தக் கட்டுரைக்குக் காரணமாக அமைந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குத் தினமும் பேருந்தில் வந்து முதுகலை படித்த மாணவி ஒருவர். கடற்கரையை ஒட்டிய சிற்றூர்களின் கிணற்று நீரில் மின்கடத்துதிறன் மாதந்தோறும் எப்படி மாறுகிறது என்பது அவருடைய ஆய்வுத் திட்டம். உப்பு மிகுந்தால் நீரில் அயனிகள் மிகும், கடத்துதிறன் உயரும். கோடையில் ஓர் அளவு, மழைக்குப் பின் வேறோர் அளவு. எட்டு மாத அளவீடுகள் அனைத்தும் அண்ணன் பயன்படுத்திய ஒரு பழைய மடிக்கணினியில் இருந்தன. வேறு நகல் இல்லை. அறிக்கை கொடுக்க மூன்று வாரம் இருக்கும்போது கணினி எழ மறுத்தது.

மறுபடி அளந்துகொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். மார்ச்சில் நின்றுகொண்டு நவம்பர் மாதத்துக் கிணற்று நீரை அளக்க முடியாது. அதுதான் சிக்கல்.

கடைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, "விண்டோஸ் போயிடுச்சும்மா, ஃபார்மட் பண்ணிப் போட்டுடலாம், நானூறு ரூபா" என்றாராம். நல்ல வேளை, பணம் கையில் இல்லாததால் மாணவி திரும்பி வந்துவிட்டார். ஃபார்மட் செய்து புதிய விண்டோஸை எழுதினால், பழைய கோப்புகள் இருந்த இடத்தின் மேலேயே புதியவை எழுதப்படும். நோயாளியின் மருத்துவக் குறிப்பேட்டின் மேல் புதிய கணக்கு எழுதுவது போன்றது அது.

நாங்கள் கண்ட அறிகுறிகள் இவை: சின்னம் தெரிந்தது, பின் கறுப்புத் திரை. ஐந்து முறை முயன்றால் ஒரு முறை விண்டோஸ் தொடங்கும், ஆனால் பாதி வழியில் நின்றுவிடும். கணினியின் இடப்புறம் காதை வைத்தால் 'டிக்... டிக்... டிக்' என்று ஒரே சீரான ஒலி. இந்த ஒலியைப் புரிந்துகொள்ள, தட்டின் உள்ளே போக வேண்டும்.

பேருந்தை முந்தும் தட்டு

மடிக்கணினியின் வன்தட்டுக்குள் சுமார் 65 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத் தட்டு ஒன்றோ இரண்டோ இருக்கும். மேலே மிக மெல்லிய காந்தப் படலம். நிமிடத்துக்கு 5400 சுற்று என்பது வழக்கமான வேகம். அதாவது நொடிக்கு 90. விளிம்புக்கு அருகே, மையத்திலிருந்து 31 மில்லிமீட்டர் தொலைவில் உள்ள ஒரு புள்ளி எவ்வளவு வேகத்தில் போகிறது? 2 × 3.14 × 0.031 × 90. நொடிக்கு ஏறக்குறைய 17.5 மீட்டர், மணிக்கு 63 கிலோமீட்டர். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகப் போகும் நம் பேருந்துகள் பல நேரம் இதைவிட மெதுவாகத்தான் போகின்றன.

இந்தத் தட்டின் மேல், ஒரு கையின் நுனியில், படிக்கும் தலை மிதக்கிறது. தட்டோடு சுழலும் காற்று அதைத் தாங்கிப் பிடிக்கிறது. தலைக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி சில நானோமீட்டர்களே. தலையைத் தாங்கும் சிறு துண்டின் நீளம் சுமார் 1 மில்லிமீட்டர். இடைவெளி 5 நானோமீட்டர் என்று கொள்வோம். இரண்டையும் 40,000 மடங்கு பெரிதாக்கினால், சிதம்பரம் கோயிலின் கோபுரம் ஒன்றைப் படுக்க வைத்த அளவுள்ள ஒரு பொருள், தரையிலிருந்து 0.2 மில்லிமீட்டர் உயரத்தில், இரண்டு தாள் கனத்தில், தரையைத் தொடாமல் பறக்கிறது என்று ஆகும். சாதாரண அழுத்தத்தில் காற்று மூலக்கூறு ஒன்று மற்றொன்றோடு மோதுவதற்கு முன் சராசரியாக 65 நானோமீட்டருக்கு மேல் பயணம் செய்கிறது. தலை மிதக்கும் இடைவெளியோ அதைவிடச் சிறியது! அங்கே காற்றைத் தொடர்ச்சியான பாய்மமாகக் கொண்டு கணக்கிடும் சூத்திரங்கள் அப்படியே செல்லுபடி ஆவதில்லை. உங்கள் தலைமயிர் ஒன்றின் தடிமன் 70,000 நானோமீட்டர் இருக்கும். தட்டைத் திறந்து "தூசு தட்டி" மூடினால் சரியாகிவிடும் என்று சொல்பவரிடம் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

இது மட்டும் போதாதென்று, தலை படிக்கும் முறையும் வியப்புக்குரியது. 1988-இல் பிரான்சில் ஆல்பர்ட் ஃபெர்ட்டும் ஜெர்மனியில் பீட்டர் க்ரூன்பெர்க்கும் தனித்தனியே ஒன்றைக் கண்டார்கள். சில அணுக்கள் தடிமனே உள்ள காந்த, காந்தமல்லாத உலோக அடுக்குகளை மாறி மாறி அமைத்தால், வெளிக் காந்தப்புலத்தின் சிறு மாற்றத்துக்குக்கூட அவற்றின் மின்தடை பெரிய அளவில் மாறுகிறது. பத்தாண்டுகளுக்குள் அது வன்தட்டுத் தலைக்குள் வந்துவிட்டது. 2007-இல் இருவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் செய்த முதல் வன்தட்டுக் கருவியில் 61 சென்டிமீட்டர் அகலமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அத்தனையும் சேர்ந்து கொண்டது 50 லட்சம் எழுத்துகள். இன்றைக்கு ஒரு கைப்பேசிப் படத்துக்கே அது போதாமல் போகலாம்.

ஒலிக்கு வருவோம். தலை தான் இருக்க வேண்டிய தடத்தைத் தட்டில் எழுதப்பட்டிருக்கும் அடையாளங்களைப் படித்தே அறிகிறது. அவற்றைப் படிக்க இயலாவிட்டால் கை தொடக்க இடத்துக்குத் திரும்பிப் போய், மறுபடியும் முயல்கிறது. மறுபடியும் தோற்கிறது. அந்தப் போக்குவரவின் ஒலியே 'டிக் டிக்'.

மெதுவாக இயங்கியதற்கும் காரணம் இதை ஒட்டியதே. செய்தி, செக்டார் எனப்படும் சிறு துண்டுகளாக எழுதப்படுகிறது. பழைய தட்டுகளில் ஒரு செக்டார் 512 பைட். ஒன்றைப் படிக்கையில் பிழை வந்தால், தட்டு ஒரு முழுச் சுற்று சுற்றி அதே இடம் தலைக்குக் கீழே வரும்வரை காத்திருந்து மறுபடி படிக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி. இருநூறு முறை முயன்றால் 2.2 நொடி. நல்ல நிலையில் உள்ள தட்டு நொடிக்கு 100 மெகாபைட் படிக்கும் என்று கொண்டால், அந்த 2.2 நொடியில் அது நாலு லட்சம் செக்டார்களுக்கு மேல் படித்து முடித்திருக்கும். கணினி சில வாரங்களாகத் திணறித் திணறி ஓடியது என்று மாணவி சொன்னது இதைத்தான். பலரும் அதை வைரஸ் என்று நினைத்துவிடுகிறார்கள்.

இடியும் மின்வெட்டும்

தட்டுக்கு இந்த நிலை ஏன் வந்தது? உறுதியாக ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு ஐயங்கள் உண்டு. ஒன்று, அவர் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வேலை செய்வார். சுழலும் தட்டின் மேல் தலை மிதக்கும்போது வரும் அதிர்ச்சி, நின்றிருக்கும் தட்டுக்கு வரும் அதிர்ச்சியைவிடக் கொடியது. ஒரு சிறு கணக்குப் பாருங்கள். மேசையின் உயரம் 75 சென்டிமீட்டர். அங்கிருந்து விழும் பொருள் 1 மில்லிமீட்டர் தொலைவுக்குள் நின்றுவிட்டால், அது உணரும் எதிர்முடுக்கம், விழுந்த உயரத்தை நின்ற தொலைவால் வகுத்த மடங்கு. அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 750 மடங்கு. மடிக்கணினித் தட்டுகள் சுழலும்போது சில நூறு மடங்கு வரைதான் தாங்கும்படி அமைக்கப்படுகின்றன. கீழே மெத்தை விரித்திருந்து 1 சென்டிமீட்டரில் நின்றால் 75 மடங்கு மட்டுமே. மேசையிலிருந்து தரைக்கு வர ஏறக்குறைய 0.39 நொடி ஆகும். சில மடிக்கணினிகளில் உள்ள முடுக்கமானி, தான் எடையற்று விழுவதை உணர்ந்து, இந்த நேரத்துக்குள் தலையைத் தட்டைவிட்டு ஓரத்துக்கு ஒதுக்கிவிடும்.

இரண்டாவது, அந்தக் கணினியின் மின்கலம் எப்போதோ செத்துவிட்டது. சார்ஜரில் நேரடியாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 2012-இல் தமிழ்நாட்டில் நாளுக்குப் பல மணிநேரம் மின்வெட்டு இருந்ததை உங்கள் பெற்றோர் சொல்வார்கள். இன்று அந்த நிலை இல்லை, ஆனாலும் மின்சாரம் போகத்தான் செய்கிறது. மின்சாரம் சட்டென்று நின்றால் தலை தட்டின் மேலேயே இறங்கிவிடாதா? இறங்காதபடி ஓர் அருமையான ஏற்பாடு உண்டு. தட்டு நிலைமத்தால் இன்னும் சிறிது நேரம் சுழலும். அப்போது அதன் மோட்டாரே மின்னாக்கியாக மாறுகிறது. ஃபாரடேயின் தூண்டல் விதிப்படி பிறக்கும் அந்தச் சிறு மின்னோட்டம் கையின் கம்பிச்சுருளுக்குள் பாய்ந்து, தலையைப் பத்திரமான இடத்துக்கு இழுத்துச் செல்கிறது. சாகும் தறுவாயில் தன் கடைசி மூச்சைக் கொண்டே கதவைச் சாத்திவிட்டுப் போவது போல! ஆனால் இது அவசரச் செயல். வழக்கமான முறையில் தலையைப் பல லட்சம் தடவை ஒதுக்கலாம். இந்த அவசர முறையில் அதைவிட மிகக் குறைவான தடவைகளே தாங்கும். மின்கலம் செத்த மடிக்கணினிக்கு ஒவ்வொரு மின்வெட்டும் ஓர் அவசர நிறுத்தம்.

காப்பாற்றும் வேலை

முதலில் சார்ஜரை எடுத்துவிட்டு, தட்டைக் கழற்றி இணைப்பைப் பார்த்தோம். கடலோரத்து உப்புக் காற்றில் உலோகத் தொடுமுனைகள் கறுப்பது உண்டு. துடைத்து மறுபடி செருகினோம். மாற்றமில்லை. பிறகு லினக்ஸ் இயக்கத் தொகுப்பு ஏற்றிய பென் டிரைவைக் கொண்டு கணினியைத் தொடங்கினோம். உடனே எழுந்தது. இந்த ஒரு சோதனை மின்சாரம், நினைவகம், திரை, செயலி யாவும் நலம் என்று சொல்லிவிட்டது. குற்றவாளி ஒருவரே எஞ்சினார்.

லினக்ஸ் பலருக்கும் புதிதல்ல. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், எல்காட் நிறுவனம் வாயிலாக வந்த கணினிகளில் விண்டோஸுடன், சென்னையில் உள்ள சி-டாக் மையம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. பல வீடுகளில் அதைத் திறந்தே பார்க்கவில்லை என்பது என் எண்ணம்.

வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்துக்கொள்ளும். இந்த ஏற்பாட்டுக்கு 'ஸ்மார்ட்' என்று பெயர். கெட்டுப்போனதால் மாற்றிடம் தரப்பட்ட செக்டார்கள் எத்தனை, படிக்க முடியாமல் காத்திருப்பவை எத்தனை என்பவை அதில் இருக்கும். நாங்கள் பார்த்த தட்டில் இரண்டாவது எண் சில நூறாக இருந்தது. ஓர் எச்சரிக்கை: இந்த எண்கள் சுழியாக இருந்தால் தட்டு நலமாக இருக்கிறது என்று பொருளல்ல. கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகளைக் கவனித்து 2007-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முதல் மேற்பரப்புப் பிழை தோன்றிய தட்டு, அடுத்த 60 நாளில் பழுதாகும் வாய்ப்பு மற்றவற்றைப்போல் 39 மடங்கு என்று கண்டார்கள். அதே ஆய்வில், பழுதான தட்டுகளில் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான நான்கு எச்சரிக்கைகளில் ஒன்றைக்கூடத் தராமலே போயின என்றும் தெரிந்தது. காய்ச்சல் இருந்தால் நோய் உண்டு; காய்ச்சல் இல்லாததால் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

இந்த நிலையில் பழுது பார்க்கும் நிரல்களை அந்தத் தட்டின் மேல் ஓட விடுவது தவறு. அவை தட்டு முழுவதையும் துருவும், சில இடங்களில் எழுதவும் செய்யும். இன்னும் எத்தனை மணிநேரம் அந்தத் தலை உழைக்கும் என்று தெரியாதபோது, அந்த உழைப்பு முழுவதையும் நகலெடுப்பதற்கே செலவிட வேண்டும். சிலர் தட்டைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுக்கச் சொல்வார்கள். கடலூர்க் காற்றின் ஈரப்பதத்தில் குளிர்ந்த தண்ணீர்ச் செம்பு எப்படி வியர்க்கிறது என்று பார்த்திருப்பீர்கள். தட்டிலும் அப்படியே வியர்க்கும். அதைச் செய்யாதீர்கள்.

நாங்கள் பயன்படுத்தியது 'டிடிரெஸ்கியூ' என்னும் இலவச நிரல். அதன் தந்திரம் எளிது. தேர்வில் கடினமான கணக்கில் மாட்டிக்கொள்ளாமல் தெரிந்தவற்றை முதலில் எழுதிவிடுவீர்கள் அல்லவா? இதுவும் அப்படியே. தட்டு முழுவதையும் செக்டார் செக்டாராக இன்னொரு தட்டுக்கு நகலெடுக்கும். பிழை வரும் இடத்தைக் குறித்துக்கொண்டு தாண்டிப் போகும். எல்லா நல்ல இடமும் முடிந்த பிறகே விட்ட இடங்களுக்குத் திரும்பி வந்து, அவற்றைச் சிறுகச் சிறுக அரித்தெடுக்கும். எதுவரை முடிந்தது என்பது ஒரு குறிப்புக் கோப்பில் இருப்பதால், நடுவே மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: எது மூலம், எது நகல் என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால், வெற்றுத் தட்டு பழைய தட்டின் மேல் எழுதப்பட்டு எல்லாம் அழிந்துவிடும். கட்டளையை ஒருவர் எழுத இன்னொருவர் படித்துப் பார்த்த பிறகே அழுத்தினோம்.

இரண்டு இரவுகள் ஆயின. மிகச் சிறு பகுதி தவிர மற்றதெல்லாம் வந்தது. நகலைத் திறந்தபோது எட்டு மாதக் கோப்புகளில் ஏழு முழுதாக இருந்தன. எட்டாவது, நவம்பர் மாதத்துக் கோப்பு, கெட்ட செக்டார்களின் மேல் இருந்திருக்கிறது, திறக்கவில்லை. கிணற்றடியில் எழுதிய குறிப்பேடு மாணவியிடம் இருந்தது. மழையில் நனைந்த ஏடு அது. பேனாவால் எழுதியவை கரைந்திருந்தன. பென்சிலால் எழுதிய பக்கங்களைப் படிக்க முடிந்தது. பதினான்கு கிணறுகளில் ஒன்பதுக்கு நவம்பர் எண் கிடைத்தது. மீதி ஐந்துக்கு அவருடைய வரைபடத்தில் இன்றும் ஓர் இடைவெளி இருக்கிறது. இரு புள்ளிகளுக்கு நடுவே உத்தேசமாக ஒரு கோடு போட்டு நிரப்ப அவர் சம்மதிக்கவில்லை. அதைப் பாராட்டினேன்.

நகல்களைப் பற்றி ஒன்று. ஒரே மேசையில் இரண்டு நகல் வைப்பதைப் பாதி நகல் என்றுதான் சொல்வேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. 2015-இல் வெள்ளம் வந்தது. வீட்டுக்குள் நீர் புகுந்தால் கணினியும் அதன் பக்கத்தில் உள்ள நகலும் சேர்ந்தே நனையும். 2011-இல் தாய்லாந்தில் வந்த வெள்ளத்தில் வன்தட்டு செய்யும் ஆலைகளே மூழ்கி, உலகெங்கும் தட்டின் விலை ஏறியது என்பது இன்னொரு கதை. அந்த மாணவி இப்போது ஒரு நகலைக் கடலூரில் வீட்டிலும் மற்றொன்றைச் சிதம்பரத்தில் தோழியின் அறையிலும் வைத்திருக்கிறார்.

புதிய மடிக்கணினிகள் பலவற்றில் சுழலும் தட்டே இல்லை. சில்லுகளில் மின்னூட்டமாகச் செய்தியைச் சேமிக்கிறார்கள். விழுந்தாலும் அவை எளிதில் கலங்குவதில்லை. ஆனால் பழுதாகும்போது 'டிக் டிக்' என்ற எச்சரிக்கையும் அவற்றில் கிடையாது. நேற்று ஓடியது இன்று காணாமல் போகும்.

செத்துப்போன பழைய வன்தட்டு ஒன்று கிடைத்தால், அதில் எடுக்க வேண்டியது ஒன்றும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஆசிரியர் முன்னிலையில் திறந்து பாருங்கள். ஆறுமுனைத் திருப்புளி வேண்டும். முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற தட்டு தெரியும். அந்த மாணவியின் தட்டில், விளிம்புக்கு அருகே ஒரு மெல்லிய வளையக் கீறல் வெறும் கண்ணுக்கே தெரிந்தது. கையின் மறுமுனையில் கம்பிச்சுருள் இருக்கும். அதன் இரு முனைகளைக் கண்டுபிடித்து 1.5 வோல்ட் மின்கலத்தைத் தொடச் செய்யுங்கள். கை ஒரு பக்கம் பாயும். மின்கலத்தைத் திருப்பித் தொட்டால் மறுபக்கம் பாயும். ஃபிளெமிங்கின் இடக்கை விதியை விரல்களில் வைத்துச் சரிபாருங்கள். கம்பிச்சுருளின் மேலும் கீழும் உள்ள நியோடிமியக் காந்தங்கள் சிறியவை என்று ஏமாந்துவிடாதீர்கள். இரண்டுக்கும் நடுவே விரல் சிக்கினால் தோல் கிழியும். மடிக்கணினித் தட்டுகள் பெரும்பாலும் கண்ணாடியால் ஆனவை. வளைத்துப் பார்த்தால் வெடித்துச் சிதறும்.